மக் பிரிண்டிங் மெஷினுக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். பெரம்பூரில் இருக்கிறேன். எட்டு வருடம் ஒரு ஜெராக்ஸ் கடையில் டி.டி.பி. வேலை பார்த்தேன். குழந்தை பிறந்த பிறகு போகவில்லை. வீட்டிலிருந்தே மக், டி-ஷர்ட் பிரிண்டிங், ஸ்டிக்கர், சின்னச் சின்ன போர்டு வேலை செய்யலாம் என்று ஆசை. கண்காட்சியில் பார்த்த ஒரு டீலர், பிரிண்டர், 'ஃபைவ் இன் ஒன்' ஹீட் பிரஸ் (சூட்டில் அழுத்திப் படம் பதிக்கும் மெஷின்), 24 அங்குல கட்டிங் பிளாட்டர் (ஸ்டிக்கர் வெட்டும் மெஷின்), 100 மக், ஒரு நாள் பயிற்சி எல்லாம் சேர்த்து 1,65,000 ரூபாய் என்கிறார். மாதம் 50,000 வருமானம் நிச்சயமாம். இந்த வாரமே அட்வான்ஸ் கட்டினால் 10,000 தள்ளுபடி. நகையை அடகு வைக்கலாமா?

பதில்: நகை இப்போதைக்கு பீரோவிலேயே இருக்கட்டும்.

அந்த '50,000 நிச்சயம்' என்பதை லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். சிரித்து மழுப்பினால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடலாம். சின்னதாக ஒரு கணக்கு பார்ப்போம். வெளியே ஜாப் ஒர்க் கொடுப்பதைவிட, அதாவது கூலிக்கு அடித்து வாங்குவதைவிட, சொந்த மெஷினில் அடித்தால் ஒரு மக்குக்கு 50 ரூபாய் மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம். 1,65,000 திரும்ப வர 3,300 மக் விற்க வேண்டும். தினம் பத்து என்றாலும் 330 நாள். கரண்டு, இங்க், உடைந்த மக், அடகு வட்டி எதையும் இதில் சேர்க்கவில்லை. தினம் பத்து மக் யார் வாங்குவார்கள் என்பதற்கு டீலரிடம் பதில் கிடையாது, அது உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

அதனால் மூன்று மாதம் மெஷின் இல்லாமல் வியாபாரம் செய்து பாருங்கள். உங்கள் கையில் இருக்கும் மூலதனம் டி.டி.பி. தமிழைப் பிழையில்லாமல் அடிக்கத் தெரிந்தவர்கள் இந்தத் தொழிலில் எவ்வளவு குறைவு என்று தெருவில் நான்கு போர்டைப் படித்தாலே தெரியும். ஆர்டர் பிடியுங்கள், டிசைன் நீங்களே செய்யுங்கள், பிரிண்ட்டை வெளியே கொடுங்கள். திருவல்லிக்கேணியில் சந்துக்குச் சந்து ஜாப் ஒர்க் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கார்டு, பேப்பர் வகைக்கு பாரிமுனை ஆண்டர்சன் தெரு. ஃப்ளெக்ஸ் எப்படியும் வெளியேதான், அந்த மெஷின் வீட்டு அறைக்குள் அடங்காது. வளைகாப்பு, பிறந்தநாள் ரிட்டர்ன் கிஃப்ட், பள்ளி ஆண்டு விழா, அபார்ட்மென்ட் கதவுப் பெயர்ப் பலகை என்று எதில் ஆர்டர் வருகிறதென்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து எந்த ஜாப் ஒர்க் பில் தடியாக இருக்கிறதோ, அந்த வேலைக்கான மெஷினை மட்டும் வாங்குங்கள். ஸ்டிக்கர் ஆர்டரே வராதவருக்கு பிளாட்டர் எதற்கு? துணி காயப் போடவா?

வாங்கும் நாள் வந்தால் கவனிக்க வேண்டியவை இவை.

பிரிண்டர்: மக்கில் படம் பதிக்க சப்ளிமேஷன் இங்க் வேண்டும். தாளில் அடித்துச் சூடுபடுத்தினால் ஆவியாகிப் பொருளில் ஏறும் இங்க் அது. எப்சன் மாதிரி பீசோ ஹெட் (சூடு இல்லாமல் இங்க்கைத் தள்ளும் வகை) உள்ள பிரிண்டரில்தான் சரிப்படும். சூட்டில் இங்க்கைத் தள்ளும் வகை பிரிண்டர்களுக்கு ஒத்துவராது. டீலர்கள் பெரும்பாலும் சாதாரண இங்க் டேங்க் பிரிண்டரில் சப்ளிமேஷன் இங்க்கை ஊற்றித் தருவார்கள். வேலை நடக்கும், ஆனால் கம்பெனி வாரன்டி அன்றோடு போச்சு. அப்புறம் அதில் குழந்தையின் ஸ்கூல் புராஜெக்ட்டையும் அடிக்க முடியாது. வாரன்டி டீலருடையதா, கம்பெனியுடையதா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று, சப்ளிமேஷன் பருத்தித் துணியில் பிடிக்காது. பாலியஸ்டர் வேண்டும், அல்லது மக்கில் இருப்பது மாதிரி மேலே கோட்டிங் வேண்டும். வெள்ளை இங்க் கிடையாது என்பதால் கறுப்பு டி-ஷர்ட்டும் முடியாது. கஸ்டமர் காட்டன் பனியன் கேட்டால் உங்கள் 1,65,000 ரூபாய் பேக்கேஜில் அதற்கு வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஹீட் பிரஸ்: இதில் எனக்கே சூடு பட்ட கதை உண்டு. மைத்துனருக்காக ஒரு கடையில் பிரஸ் வாங்கினோம். மீட்டரில் 190 டிகிரி ஜம்மென்று காட்டியது. கடைக்காரர் நடுவில் ஒரு சின்னப் பூவை அடித்துக் காட்டினார், பளிச்சென்று வந்தது. வீட்டுக்கு வந்து ஏ4 அளவு படம் அடித்தால் நடுவில் கறுப்பு கறுப்பாக இருக்கிறது, நான்கு மூலையும் வெளுத்த காப்பிக் கலர். தட்டு முழுக்க ஒரே சூடு இல்லை. திருப்பி எடுக்க மறுத்துவிட்டார், 'நல்லாத்தானே வேலை செஞ்சுது' என்று. அதனால் கடைக்குப் போகும்போது முழுக் கறுப்பாக அடித்த ஏ4 சப்ளிமேஷன் தாள் நாலைந்தும் வெள்ளை பாலியஸ்டர் துணியும் கையோடு எடுத்துப் போங்கள். தாளைத் தட்டின் ஒவ்வொரு மூலையிலும் வைத்து அடித்து, எல்லாவற்றையும் வெயிலில் பிடித்துப் பாருங்கள். 'ஃபைவ் இன் ஒன்' என்றால் மக், தொப்பி, தட்டு எல்லாவற்றுக்கும் பாகத்தை மாற்றி மாற்றிப் பூட்ட வேண்டும் என்று அர்த்தம். மக் அடிக்கும்போது டி-ஷர்ட் காத்திருக்கும். மக்குக்கென்று தனி சின்ன பிரஸ் நிம்மதி. பெரிய பிரஸ் ஏறக்குறைய ஒரு கீஸர் அளவுக்கு கரண்டு இழுக்கும், அதனால் 16 ஆம்பியர் பிளக் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகாதீர்கள், குழந்தை நடமாடும் வீடு வேறு.

பிளாட்டர்: டெமோவில் ஆங்கில எழுத்தைப் பெரிதாக வெட்டிக் காட்டுவார்கள். எந்த மெஷினும் அதை வெட்டும். நீங்கள் 'ஸ்ரீ ஞானாம்பிகை துணையுடன்' என்று ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டச் சொல்லுங்கள். வெட்டி முடித்ததும் நீங்களே உட்கார்ந்து வேண்டாத வினைலை (ஸ்டிக்கர் ஷீட்டை) உரித்துப் பாருங்கள். 'ஞ'வின் சுழியும் 'ணை'யின் கொம்பும் கூடவே கிளம்பி வந்தால் பிளேடோ அழுத்தமோ சரியில்லை. செட்டிங்கை மாற்றியும் அப்படியே வந்தால் அந்த மெஷின் தமிழ் போர்டுக்கு ஆகாது. டிசைனை அனுப்பும் முன் எழுத்தைக் கர்வ் ஆக (ஃபான்ட் தேவைப்படாத கோட்டு வடிவமாக) மாற்றிவிட வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்ததை யூனிகோடு மட்டும் உள்ள இடத்தில் திறந்தால் வரும் கோலத்தை எட்டு வருடத்தில் பார்க்காமலா இருந்திருப்பீர்கள்? பேக்கேஜோடு டிசைன் சாஃப்ட்வேரான 'கோரல்டிரா ஃப்ரீ' என்று பென் டிரைவ் கொடுத்தால் அது திருட்டுப் பிரதி. அந்த மாதிரி வேலைக்கே இருக்கும் இங்க்ஸ்கேப் நிஜமாகவே இலவசம்.

நம் ஊர் ஈரக்காற்றையும் மறக்க வேண்டாம். சப்ளிமேஷன் தாளைத் திறந்து போட்டால் ஈரம் இழுத்து, படம் திட்டுத் திட்டாக வரும். டப்பாவில் மூடி வையுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு பணம் வேண்டுமென்றால் நகைக்கு முன் முத்ரா கடன் கேளுங்கள். 50,000 வரை சிஷு என்ற பிரிவு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர் என்ற பிரிவு, அடமானம் கிடையாது. ஒரு வார அட்வான்ஸ் தள்ளுபடிக்காக ஓட வேண்டாம். அடுத்த கண்காட்சியிலும் அதே 10,000 தள்ளுபடி இருக்கும்.

கேள்வி: வேளச்சேரியில் வீட்டில் டி.டி.எஃப். பிரிண்டிங் (பிலிமில் அடித்துத் துணியில் பதிப்பது) செய்கிறேன். மெஷின் வாங்கி ஆறு மாதம். மூன்று வாரமாக வெள்ளை இங்க் வரவில்லை. டீலர், 'நீங்கள் வியாபாரத்துக்கு வாங்கியது, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது. போனாலும் எங்கள் ஆபீஸ் இருக்கும் வெளி மாநிலத்தில்தான் கேஸ் போட வேண்டும்' என்கிறார். உண்மையா?

பதில்: இரண்டுமே தப்பு.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோர் இல்லை என்றுதான் சொல்கிறது. ஆனால் அதற்குக் கீழேயே ஒரு விளக்கம் இருக்கிறது. சுயதொழில் செய்து பிழைப்புக்காகவே வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. பழைய சட்டத்திலும் இது இருந்தது. 1995-ல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது: மெஷினைத் தானே ஓட்டுகிறவர் உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான், முழுக்க வேறு ஆள் ஓட்டினால் இல்லை. அந்த வழக்கில் தோற்றது மெஷின் வாங்கிய கம்பெனி என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிழைப்புக்காக நீங்களே இயக்குகிறீர்கள் என்பதைப் புகாரிலேயே தெளிவாக எழுதுங்கள்.

எங்கே போடுவது? நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், புதிய சட்டம் தந்த பெரிய வசதி அது. மெஷினுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல டீலர்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவார்கள்.

ஆனால் ஒரு கேள்வி. மெஷினை இடையில் எத்தனை நாள் சும்மா போட்டு வைத்திருந்தீர்கள்? வெள்ளை இங்க்கில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. கனமான பொடி, நின்றால் அடியில் படியும், ஹெட்டை அடைக்கும். தினம் கொஞ்சமாவது ஓட்ட வேண்டும், இங்க்கைக் கலக்கிவிட வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்து ஆன் செய்திருந்தால், குறை உங்கள் பக்கம் என்று டீலர் வாதிடுவார். 'தினம் ஓட்ட வேண்டும் என்று விற்கும்போது சொன்னீர்களா, எழுதிக் கொடுத்தீர்களா?' என்பது உங்கள் வாதம். சர்வீஸ் ஆள் வந்து போன தேதிகள், அவர் எழுதிய ரிப்போர்ட், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். கையில் ரிப்போர்ட் இல்லையென்றால் முதலில் அதை எழுதி வாங்குங்கள்.

கேள்வி: வாடகை வீட்டில் சின்னதாக ஸ்டிக்கர், மக் வேலை. ஈ.பி. கனெக்‌ஷன் மாற்ற வேண்டுமா? ஜி.எஸ்.டி., உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) எல்லாம் அவசியமா? (குரோம்பேட்டை)

பதில்: வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவதைக் கண்டுபிடித்தால் இரண்டு மடங்கு கட்டணத்தில் கணக்குப் போட மின்சாரச் சட்டத்தில் இடம் இருக்கிறது. குறுந்தொழிலுக்குத் தனிக் கட்டண வகை உண்டு, பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லி, வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஜி.எஸ்.டி. பொருள் விற்பனைக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் தாண்டும் வரை கட்டாயமில்லை, ஆனால் பொருளை வெளி மாநிலத்துக்கு விற்றால் கணக்கு வேறு. உத்யம் பதிவு அரசுத் தளத்தில் முற்றிலும் இலவசம். 1,500, 2,000 கேட்கும் தளங்கள் தனியாருடையவை.

ஒன்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பின்னால் லேசர் கட்டிங் மெஷின் வாங்கினால் வினைலையும் பி.வி.சி. ஷீட்டையும் அதில் வைக்கவே வைக்காதீர்கள். வரும் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். மூச்சுக்குழலும் கெடும், மெஷினும் துருப்பிடிக்கும்.

கேள்வி: புதிதாகக் கடை மாதிரி வீட்டு முன்னறையில் ஆரம்பித்திருக்கிறேன். வரும் ஆர்டரெல்லாம் 'பிரஸ்' ஸ்டிக்கர், நடிகர் படம் போட்ட பனியன், கட்சிக்காரர் போஸ்டர். எதை எடுக்கலாம், எதை விடலாம்? (வியாசர்பாடி)

பதில்: வண்டி ஸ்டிக்கரை நம்பித் தொழில் தொடங்காதீர்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கம்பெனியிலிருந்தே வருகிறது. 'பிரஸ்', 'போலீஸ்', 'வக்கீல்' என்று தனியார் வண்டியில் ஒட்டினால் அபராதம் என்று சென்னை போக்குவரத்துப் போலீஸ் 2024 மே 2 முதல் பிடிக்கத் தொடங்கியது. அபராதம் கட்டிய ஆள் நேராக உங்கள் வாசலுக்குத்தான் வருவார்.

நடிகர் படம் அனுமதி இல்லாமல் வேண்டாம். ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் 2015-லேயே சென்னை உயர் நீதிமன்றம் பிரபலத்தின் பெயரையும் உருவத்தையும் அனுமதியின்றிப் பயன்படுத்தத் தடை விதித்தது. பிறந்தநாளுக்கு ஒரே ஒரு பனியன் கேட்கும் ரசிகருக்காக யாரும் கோர்ட்டுக்கு வரமாட்டார்கள் என்பது வேறு விஷயம். அதையே நூறாக அடுக்கி விற்காதீர்கள்.

தேர்தல் போஸ்டர், நோட்டீஸ் என்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவு உங்களைக் கட்டும். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். வெளியிடுபவர் இரண்டு பேர் சாட்சியோடு கையெழுத்திட்ட உறுதிமொழி இரண்டு பிரதி வாங்கி, அதில் ஒன்றையும் அச்சிட்ட பிரதி ஒன்றையும் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். கையால் எழுதுவது தவிர எந்த வழியில் பிரதி எடுத்தாலும் அச்சடித்த கணக்குத்தான், ஜெராக்ஸ் உட்பட. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'அண்ணன் சொல்லிட்டார், பேர் வேணாம்' என்று வருபவருக்கு ஒரு காப்பி குடிக்கக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பேனர் கேட்டால் மாநகராட்சி அனுமதிக் கடிதத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் மீது தண்ணீர் லாரி ஏறியது நினைவிருக்கும். அந்த பேனரை அச்சடித்த இடத்துக்கும் சீல் வைத்தார்கள். 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பேனருக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. விலை குறைவு என்று ஜாப் ஒர்க் கடையில் மெல்லிய ஃப்ளெக்ஸை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நீங்கள் விட்டுவைத்திருக்கும் நல்ல வேலை ஒன்று இருக்கிறது. கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில். உங்கள் தெருவில் நடந்து போய் எத்தனை கடையில் ஆங்கிலம் மேலே உட்கார்ந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பழைய போர்டை போனில் படம் எடுத்து, அதே அளவில் தமிழை மேலே வைத்து ஒரு டிசைன் போட்டு, பிரிண்ட் எடுத்துக் கடைக்காரர் கையில் கொடுங்கள். சன்போர்டு என்ற ஃபோம் பலகையா, ஏ.சி.பி. என்ற அலுமினியப் பலகையா, அக்ரிலிக் எழுத்தா என்ற பேச்சு அப்புறம் தானாக வரும். பாதி அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து அவரைப் படிக்கச் சொல்லி, புரூஃபில் கையெழுத்து வாங்கிய பிறகு வெட்டக் கொடுங்கள்.