சின்ன கடல்நீர்த் தொட்டியில் எத்தனை மீன் விடலாம்?

75 லிட்டர் தொட்டியில் முதன்முறையாகக் கடல் மீன் வளர்க்கப் போகிறேன், எத்தனை தாங்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று. நன்னீர் மீன் வளர்த்தவர்களுக்கு இது கஞ்சத்தனமாகத் தெரியும். ஆனால் உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். கடல் மீன்கள் பலவும் இடத்துக்காகச் சண்டையும் போடும்.

கடையில் பார்க்கும் அளவை நம்பாதீர்கள். அங்கே விரல் நீளத்தில் நீந்தும் புளூ டாங் வளர்ந்தால் 30 சென்டிமீட்டர் வரை வரும். ஒரு ஜோடி கிளவுன் மீன், தரையோடு கிடக்கும் சின்ன கோபி மீன் ஒன்று, போதும். மலிவு, லேசில் சாகாது என்று டாம்சல் மீனைக் கடைக்காரர்கள் தலையில் கட்டுவார்கள். அது பின்னால் வரும் மீன்களையெல்லாம் விரட்டும்.

எண்ணிக்கையைவிட அவசரம்தான் கெடுக்கும். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா என்ற நச்சை பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும். அவை கல்லிலும் ஃபில்டரிலும் குடியேறவே பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை மீனே வேண்டாம். அப்புறம் கிளவுன் ஜோடியைச் சேர்த்து விடுங்கள். இரண்டு மூன்று வாரம் பொறுத்து, தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டினால்தான் கோபி.

தொட்டி வெறிச்சென்று தெரிந்தால் நான்கைந்து நத்தை, ஒரு கிளீனர் இறால் விடலாம், கழிவு குறைவு. அந்த இறால் மீன் மேலேயே ஏறி ஒட்டுண்ணி பொறுக்கும், பார்க்க அலுக்காது. செம்பு கலந்த மருந்தை மட்டும் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், இறாலும் நத்தையும் செத்துவிடும்.