தையல் படித்தால் ரேஷன் கார்டு போய்விடுமா?

கேள்வி: கூடலூர் பக்கம் ஓர் ஊராட்சியில் இருக்கிறோம். எஸ்டேட்டில் தற்காலிகமாகக் கொழுந்து பறிக்கிறேன். வயது 26. எங்களுடையது மாதம் 35 கிலோ அரிசி வாங்கும் கார்டு. மகளிர் குழு அக்கா இலவசத் தையல் பயிற்சிக்குப் பேர் கொடுக்கச் சொல்கிறார். கொடுத்தால் கார்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பக்கத்து லைன் வீட்டில் பயமுறுத்துகிறார்கள். மகனுக்கு 3 வயது. போகட்டுமா, வேண்டாமா?

பதில்: பயிற்சிக்குப் போனதற்காகக் கார்டு போகாது, தங்கச்சி. உங்களுடையது போன்ற 35 கிலோ கார்டுக்கு அந்தியோதயா கார்டு என்று பேர். அதைக் காட்டியே, கிராமத்து ஏழை இளைஞர்களுக்கு மத்திய அரசு இலவசமாகத் தொழில் கற்றுத்தரும் தீன்தயாள் உபாத்யாயா கிராமின் கௌசல்யா யோஜனா மாதிரியான திட்டங்களில் இடம் வாங்குகிறவர்கள் உண்டு. நாளை வருமானம் கூடி உங்கள் கார்டின் வகை மாறினால் 35 கிலோ 20 ஆகலாம். ஆனால் அரிசி கார்டு இருக்கிற வரை இலவச அரிசி உண்டு. 2011 ஜூனிலிருந்து நம் மாநிலத்தில் அப்படித்தான். குறையும் 15 கிலோவுக்காக ஒரு தொழிலை விட்டுவிடாதீர்கள்.

என் கவலை வேறு. பயிற்சி இலவசம்தான், ஆனால் அந்த நாள்களின் கூலி போகிறதே! அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நான் சொன்ன திட்டத்தில் பெரும்பாலும் மூன்று மாதமாவது தங்கிப் படிக்க வேண்டும். வேலையும் திருப்பூர், கோவை என்று கீழே கிடைக்கலாம். சின்னப் பிள்ளை வைத்திருப்பவளுக்கு அது ஒத்துவராது. வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் தையல் ஏறக்குறைய ஒரு மாதம்தான், 18 வயது நிரம்பியவர்களைச் சேர்க்கிறார்கள். ஆனால் கூடலூரிலிருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர். மலைப்பாதையில் தினமும் பஸ்ஸில் போய்வந்தால் பிள்ளை தூங்கிய பிறகுதான் வீடு சேர்வீர்கள். அதனால் குழுவில் பேசி, தையல் கற்க விரும்பும் 25 பெண்களைச் சேருங்கள். ‘எங்கள் ஊரிலேயே வகுப்பு நடத்துங்கள்’ என்று மகளிர் திட்ட அலுவலகத்தில் எல்லோரும் கையெழுத்திட்டு மனு கொடுங்கள். ஒரு வகுப்புக்குத் தேவையான ஆள் சேர்ந்துவிட்டால் ஊருக்கே வந்து நடத்துவது உண்டு. மகனை அங்கன்வாடியில் விட்டுவிட்டுப் போய்வரலாம்.

அந்த மாதக் கூலிக்கு இப்போதே குழுவில் சிறுகடன் கேட்டு வையுங்கள். ரேஷன் கடையில் உங்கள் வீட்டுக்காரர் கைரேகை வைத்து வாங்கிக்கொள்ளலாம், நீங்கள் போக வேண்டியதில்லை. பேர் கொடுக்கும்போது கார்டு, ஆதார், பாஸ்புக் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். ஒரிஜினல் கார்டை எவர் கேட்டாலும் விட்டு வராதீர்கள்.