கதை கேட்பவரின் முகம்

அன்புள்ள ஐயா,

சென்ற சனிக்கிழமை, தேசிய சேவையிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த மகனோடு உட்கார்ந்து ‘புதிய பறவை’ பார்த்தேன். அவனோ பாதியிலேயே “இவர்தான் கொன்றிருப்பார்” என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்துக்கொண்டான். முடிவு தெரிந்த மர்மப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கிறான். வெறும் பழைய நினைவுதானா இது?

ஒரு வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

பழைய நினைவும் கொஞ்சம் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் உங்கள் மகன் பாதியைத்தான் கண்டுபிடித்திருக்கிறார். கோபாலாக வரும் சிவாஜியின் காதலி லதா உண்மையில் யார் என்று ஊகித்தாரா, கேளுங்கள்.

சிங்கப்பூரில் சித்ராவை மணந்த கதையைக் கோபால் லதாவிடம் சொல்கிறாரே, அந்த இடத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். முதல் தடவை நாம் சிவாஜியையே பார்த்துக்கொண்டிருப்போம். அவர் நம்மை வேறு பக்கம் திரும்ப விட்டால்தானே! லதா போலீஸ் என்று தெரிந்த பிறகு சரோஜாதேவியைப் பாருங்கள். காதலனுக்காகக் கலங்குகிற அதே முகம்தான் வாக்குமூலமும் வாங்கிக்கொண்டிருக்கிறது. எது நடிப்பு? கடைசியில் உண்மையாகவே காதலித்ததாக அவள் சொல்லும்போது குழப்பம் இன்னும் கூடத்தான் செய்கிறது. சௌகார் ஜானகியையும் விடாதீர்கள். முன்கதையில் சித்ரா, பின்னால் சித்ராவாக நடிக்க வந்தவள். முடிவு தெரியாதவருக்கு இதெல்லாம் கண்ணில் படாது.

(ரயிலைக் கண்டு கோபால் பதறுவது இந்தத் தலைமுறைக்கு எட்டுமா என்பது வேறு விஷயம். நம் பழைய தஞ்சோங் பகார் ரயில் நிலையத்திலிருந்து கடைசி ரயில் 2011 ஜூன் 30இல் கிளம்பிப் போனது. அந்தப் பாதையிலிருந்த புக்கிட் தீமா இரும்புப் பாலத்தில் இப்போது நடைப்பயிற்சிதான்.)

அதே 1964இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யும் அப்படித்தான். பாலையாவுக்கு, மகனாக வரும் நாகேஷ் திகில் கதை சொல்லும் காட்சி நம்மில் பலருக்கு மனப்பாடம். சத்தமெல்லாம் நாகேஷ் வாயிலிருந்தே வரும். ஆனால் சிரிப்பு வருவது பாலையாவிடமிருந்து. மகனை அதட்டியே பழகிய எஸ்டேட் முதலாளி, வேண்டாவெறுப்பாகக் கேட்க ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக வெலவெலத்துப் போகிறார். திரையில் நாகேஷைக் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள், அப்போதும் சிரிப்பீர்கள்.

பழைய படம் என்பதற்காக எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்க நான் தயாரில்லை. ‘புதிய பறவை’யில் நாகேஷ், மனோரமா வரும் நகைச்சுவைப் பகுதி எனக்கு இப்போது இழுவையாகத்தான் இருக்கிறது. கதை இறுகிவரும்போது குறுக்கே வந்து நிற்கிறது. அங்கே உங்கள் மகன் கைப்பேசியை எடுத்திருந்தால் அவர் பக்கம்தான் நான்.

அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தால் ‘அந்த நாள்’ போட்டுக் காட்டுங்கள். 1954இல் எஸ். பாலசந்தர் எடுத்தது. பாட்டே கிடையாது. தொடக்கத்திலேயே சிவாஜி சுடப்பட்டுச் செத்துவிடுவார். 1943இல் ஜப்பானியர் குண்டுவீசிய சென்னையில், அவர்களுக்கே உளவு பார்த்தவனின் கதை. அந்த வருடம் நம் ஊர் ‘சியோனான்’ என்ற பெயரில் அவர்கள் கையில் இருந்தது என்பதை மட்டும் மகனுக்குச் சொல்லிவையுங்கள். சுட்டது யார் என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள், அவர் இரண்டாம் தடவை பார்க்கிறவரைக்கும்.