த்ராட்டிலத் தள்ளுனா சத்தம் கிழியுது!

கேள்வி: அண்ணே, கம்ப்யூட்டர்ல பிளேன் ஓட்டுற ஃப்ளைட் சிமுலேட்டர்ல புதுசா ஒரு ஜெட் ஆட்-ஆன், அதாவது தனியாச் சேத்துக்கிற பிளேன், காசு குடுத்து வாங்குனேன். நம்ம மதுரை ரன்வே 27ல நின்னு, இன்ஜின் வேகத்தக் கூட்டுற த்ராட்டில முழுசாத் தள்ளுனா இன்ஜின் சத்தம் திருவிழா கொழாய் ஸ்பீக்கர் மாதிரி கரகரன்னு கிழியுது. மத்த பிளேன்லாம் சுத்தம். ஸ்பீக்கர மாத்தணுமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: மாத்தாதீங்க தம்பி, காசு மிச்சம். மத்த பிளேன் நல்லாக் கேக்குதுன்னா ஸ்பீக்கர் மேல பழி போட முடியாது. ஃபுல் த்ரஸ்ட்ல ஃபேன், எக்ஸாஸ்ட், காத்து, சக்கரம்னு பல சத்தம் ஒண்ணாச் சேரும், கூட்டுத்தொகை எல்லையத் தாண்டுனா அலையோட உச்சி மழுங்கிரும், அதத்தான் கிளிப்பிங்கும்பாங்க. மொதல்ல சிமுலேட்டர்ல மாஸ்டர் வால்யூம 60க்கு எறக்கிட்டு, கம்ப்யூட்டர் வால்யூமக் கூட்டிக் கேளுங்க. அந்த ஆட்-ஆன் பிளேனோட காக்பிட்ல தெரியுற டேப்லெட்ல தனி சவுண்ட் ஸ்லைடர் இருந்தா அதையும் கொறைங்க, நெறைய பேரு இத மறந்துர்றாங்க.

அப்பயும் கரகரன்னா விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ல சாம்பிள் ரேட்ட 48000 ஹெர்ட்ஸ் வச்சு, சத்தத்துக்கு மெருகு போடுற என்ஹான்ஸ்மென்ட், சுத்தியும் கேக்குற மாதிரி காட்டுற ஸ்பேஷியல் சவுண்ட் ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. ப்ளூடூத் ஹெட்செட்டா? மைக் ஆன் ஆனதும் அது ஃபோன் கால் தரத்துக்கு எறங்கிரும், ஒயர் போட்டதுல கேட்டுப் பாருங்க. ஆட்-ஆன்லாம் போட்டு வைக்கிற கம்யூனிட்டி ஃபோல்டர்ல பழைய சவுண்ட் பேக் கெடந்தா வெளிய தூக்கி வைங்க, சில நேரம் அதுதான் வில்லன். எதுக்கும் மசியலன்னா ரெக்கார்டிங்கே கிழிஞ்சு வந்திருக்கும், ஒரு நிமிஷ வீடியோ எடுத்து தயாரிச்சவங்களுக்கே அனுப்பிருங்க.