பேய் யாரைத் தேடி வருகிறது?

வணக்கம் ஐயா,

என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். வாரம் ஒரு பேய்ப்படமாவது பார்த்துவிடுகிறான், அதுவும் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு. எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. பயப்படுவதற்கு உலகத்தில் இவ்வளவு இருக்கும்போது, இதை ஏன் தேடிப்போய்ப் பார்க்க வேண்டும்? பார்த்துப் பார்த்து அவன் மனசு மரத்துப்போய்விடுமோ என்று கவலையாக இருக்கிறது.

வாசகி, கோவில்பட்டி

அன்புள்ள சகோதரிக்கு,

மரத்துப்போவதைப் பற்றி முதலில். டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில், விரும்பிப் பயப்படுவதை ஆராய்வதற்கென்றே ஓர் ஆய்வகம் இருக்கிறது. பேய்வீடு ஒன்றுக்குள் போய்வந்தவர்களின் இதயத்துடிப்பை அளந்து, அவர்களிடம் கேட்டும் பார்த்து, 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பயம் மிகவும் குறைந்தாலும் ரசிப்பு இல்லை, மிஞ்சினாலும் இல்லை. நடுவாந்தரத்தில்தான் அது உச்சத்துக்குப் போகிறது. பயமே வராதவனுக்கு இந்தப் படங்களில் ஒன்றும் இருக்காது. உங்கள் மகன் திரும்பத் திரும்பப் பார்க்கிறான் என்றால் அவனுக்கு இன்னும் பயம் வருகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். கொரோனா காலத்தைப் பற்றிய 2021ஆம் ஆண்டு ஆய்வொன்றில், பேய்ப்பட ரசிகர்களிடம் மனக்கலக்கம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. படம்தான் காரணம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. கெடுதல் என்று சொல்லவும் அதில் இடமில்லை.

ஆனால் படபடப்பு மட்டும்தான் வேண்டுமென்றால் பொருட்காட்சி ராட்டினம் போதும். ராட்டினத்திலிருந்து இறங்கும்போது யாருக்காகவும் மனசு கனப்பதில்லை. பேய்ப்படம் முடிந்து வரும்போது கனக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய்க்கும் புலிக்கும் திருடனுக்கும் பக்கத்திலேயே நம்மை ஆள்பவரையும் வைத்திருக்கிறார்கள்! நம் பேய்ப்படங்களை இந்த வரிசையோடு சேர்த்துப் பாருங்கள். முதலில் சொன்ன அணங்கு கிளம்பி வருவதே கடைசி இரண்டு பேரைத் தேடித்தான். 2011இல் வந்த 'காஞ்சனா'வில் பேயாக வரும் திருநங்கை, ஆஸ்பத்திரி கட்டுவதற்காக வாங்கிய நிலத்தை அதிகாரம் உள்ளவன் பறித்துக்கொள்ள, அதற்காகவே கொல்லப்பட்டவர். அந்த முன்கதை வரும்வரை தியேட்டர் அலறியது. அதற்குப் பிறகு பேய் ஜெயிக்க வேண்டும் என்று அதே தியேட்டர் விசிலடித்தது. சின்னப் பிள்ளைகள்கூட. பேயை விரட்ட வேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் இல்லை.

இது சினிமா கண்டுபிடித்ததும் அல்ல. நம்பியவனாலேயே கொல்லப்பட்டு, பேயாக வந்து பழிதீர்த்த நீலியின் கதையை உங்கள் தென்மாவட்டங்களில் வில்லுப்பாட்டாகப் பாடுகிறார்கள். அவளே இசக்கியம்மனாக நிற்கிறாள். அவளுக்கு அஞ்சும் ஊர்தான் அவளுக்குக் கொடைவிழா எடுக்கிறது, அவளிடம் பிள்ளைவரம் கேட்கிறது. உயிரோடு இருந்தபோது ஒருத்திக்குக் கிடைக்காத நியாயத்தைச் செத்த பிறகாவது கொடுத்துவிட வேண்டும் என்ற தவிப்பு அந்தச் சடங்கில் இருக்கிறது. இருட்டில் உட்கார்ந்து பேய்ப்படம் பார்க்கும் கூட்டத்திடமும் அதே தவிப்புதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கோர்ட்டில் தோற்றுப்போன வழக்குகளை, கோர்ட்டுக்கே போகாத வழக்குகளை, அங்கே பேய் நடத்துகிறது.

எல்லாப் படங்களும் அப்படி இல்லை. கதவு திறக்கும், பூனை பாயும், காது கிழியும். பேய்க்குச் சொல்ல ஒரு குறையும் இருக்காது. உடம்பை அறுப்பதை நீளநீளமாகக் காட்டும் படங்களும் உண்டு. அவன் பார்ப்பது முழுக்க அந்த வகை என்றால், அல்லது தூக்கம் கெட்டுப் பகலில் சோர்ந்து கிடக்கிறான் என்றால், பேசத்தான் வேண்டும். அதையும் தடை போட்டுத் தொடங்காதீர்கள்.

அவனோடு ஒரு படம் பாருங்கள். மிஷ்கினின் 'பிசாசு' (2014) நல்ல தொடக்கம். விபத்தில் இறந்த பெண், தன்னைக் காப்பாற்ற முயன்ற இளைஞனின் வீட்டுக்குள் வருகிறாள். மீதியை நான் சொல்லக் கூடாது. ராத்திரி வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னலைத் திறந்துவைத்துப் பாருங்கள். நெஞ்சு படபடத்தால் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். இந்தப் படங்களில் திடுக்கிட வைப்பதில் பெரும்பங்கு சத்தத்துக்குத்தான். பார்த்துவிட்டு அந்தப் பெண்ணைப் பற்றி அவன் என்ன நினைக்கிறான் என்று கேளுங்கள். முடிந்தால் எனக்கும் எழுதுங்கள்.