கோபி பிரையன்ட், ஷேன் வார்ன்... சாவுச் செய்திக்கு ஓர் அளவு வேண்டாமா?

கேள்வி: பிரபலமான விளையாட்டு வீரர் யாராவது இறந்துவிட்டால் சேனல்கள் இரண்டு மூன்று நாள் அதையே திருப்பித் திருப்பி ஓட்டுகின்றன. இவ்வளவு தேவையா? (கோவை வாசகர்)

பதில்: அஞ்சலி செலுத்துவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒருவருடைய ஆட்டத்தைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு அவர் போன அன்று அவரைப் பற்றியே பேசவும் கேட்கவும் தோன்றும், அது இயல்பு. கோளாறு எங்கே வருகிறது என்றால், உறுதியாகத் தெரிந்த தகவல் பத்து நிமிஷத்தில் சொல்லி முடிந்துவிடும், ஆனால் நேரலை மட்டும் நிற்காது. மிச்ச நேரத்துக்கு எதையாவது போட்டாக வேண்டும். அங்கேதான் ஊகமும் வதந்தியும் உள்ளே நுழைகின்றன.

2020 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை. கலிபோர்னியாவில் கலபாசஸ் என்ற ஊரின் மலைச்சரிவில், மூடுபனிக்குள் பறந்த ஒரு ஹெலிகாப்டர் மோதி விழுந்து, அதில் இருந்த 9 பேரும் இறந்தார்கள். கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்டும் அவருடைய 13 வயது மகள் ஜியானாவும் அதில் இருந்தார்கள். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, டிஎம்இசட் என்ற பிரபலங்கள் செய்தித்தளம் முந்திக்கொண்டு கோபியின் மரணத்தை வெளியிட்டுவிட்டது. அதிகாரிகள் இன்னும் குடும்பங்களுக்குத் தகவல் சொல்லி முடிக்கவில்லை. மனைவி வனெசா பிறகு வழக்கில் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்தால் வயிற்றைப் பிசையும்: விபத்து நடந்திருக்கிறது, சிலர் பிழைத்திருக்கிறார்கள் என்று மட்டும் அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது, போனைக் கையில் வைத்துக்கொண்டு கணவரைக் கூப்பிட முயன்றுகொண்டிருக்கிறார், அந்தத் திரையிலேயே 'ஆர்ஐபி கோபி' (கோபியின் ஆன்மா சாந்தியடையட்டும்) என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுகிறது.

அதற்குப் பிறகு நடந்ததும் மோசம்தான். ஏபிசி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியின் செய்தியாளர் ஒருவர், கோபியின் நான்கு மகள்களுமே ஹெலிகாப்டரில் இருந்ததாக நேரலையில் சொல்லிவிட்டார். மற்ற மூன்று பெண்களும் உயிரோடு இருந்தார்கள். அவர் மன்னிப்புக் கேட்டார், நிறுவனம் அவரைத் தற்காலிகமாக நீக்கியது. பிபிசியின் இரவுச் செய்தியில் கோபிக்குப் பதிலாக லெப்ரான் ஜேம்ஸ் என்ற இன்னொரு கூடைப்பந்து வீரர் ஆடும் காட்சியை ஓட்டி, அவர்களும் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. கோபியோடு ஒரே அணியில் ஆடிய ரிக் ஃபாக்ஸும் இறந்துவிட்டார் என்று வதந்தி பரவி, அவருடைய பிள்ளைகள் பட்ட பாட்டை அவரே பின்னால் டிவியில் கண் கலங்கச் சொன்னார். ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் இதில் ஒன்றுகூட நடந்திருக்காது.

ஊடகம் மட்டும்தானா என்றால் இல்லை. அன்று லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியின் ஷெரிஃப், அதாவது அந்த வட்டாரக் காவல்துறைத் தலைவர், அலெக்ஸ் வில்லனுவேவா, தன் வீட்டு ஆள் இறந்ததை ஒருவர் செய்தித்தளத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது எவ்வளவு அவமரியாதை என்று கண்டித்தார், சரியாகத்தான் சொன்னார். ஆனால் அவருடைய துறையைச் சேர்ந்தவர்களே விபத்து இடத்தில் உடல்களைப் போனில் படமெடுத்து வைத்திருந்தார்கள், ஒருவர் மதுக்கடையில் அதைக் காட்டவும் செய்தார். வனெசாவும், அதே விபத்தில் மனைவியையும் மகளையும் பறிகொடுத்த இன்னொருவரும் வழக்குப் போட்டார்கள். 2022 ஆகஸ்டில் இருவருக்குமாகச் சேர்த்து 3.1 கோடி டாலர் தர வேண்டும் என்று ஜூரி தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன்பே, 2020-லேயே, காவல், மீட்புப் பணியில் இருப்பவர்கள் வேலைக்குத் தேவையில்லாமல் இறந்தவர்களைப் படமெடுப்பது குற்றம் என்று கலிபோர்னியா தனிச் சட்டமே கொண்டுவந்தது.

இவ்வளவு நேரம் ஓட்டினார்களே, கோபியும் மகளும் போக இன்னும் 7 பேர் இறந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்? ஜான் அல்டோபெல்லி என்பவர் ஆரஞ்ச் கோஸ்ட் கல்லூரியின் பேஸ்பால் பயிற்சியாளர், முந்தைய ஆண்டுதான் அவருடைய அணி மாநிலப் பட்டம் வென்றிருந்தது. மனைவி, மகளோடு அவரும் போய்விட்டார். பல இடங்களில் அவர்கள் எல்லாரும் 'மேலும் சிலர்' என்ற இரண்டு வார்த்தைக்குள் அடங்கிவிட்டார்கள். எனக்கு மனசு ஆறாதது இதுதான்.

கேள்வி: மக்கள் பார்க்கிறார்கள், அதனால் காட்டுகிறார்கள். ஊடகத்தை மட்டும் குற்றம் சொன்னால் எப்படி? (மதுரை வாசகர்)

பதில்: மக்கள் பார்க்கிறார்கள் என்பது உண்மை. எதைப் பார்க்க விரும்புகிறார்கள் என்பது வேறு விஷயம். 2022 மார்ச் 4 அன்று ஆஸ்திரேலியக் கிரிக்கெட்டில் இரண்டு பெரிய சாவு. காலையில் ராட் மார்ஷ், 96 டெஸ்டில் விக்கெட் கீப்பராக 355 பேரை வெளியேற்றியவர், வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி பந்தில் மட்டும் 95 கேட்ச். அவருக்கு ட்விட்டரில் இரங்கல் எழுதிய ஷேன் வார்ன் சில மணி நேரத்தில் தாய்லாந்தின் கோ சமுய் தீவில் தானும் இறந்துபோனார். வயது 52, டெஸ்டில் 708 விக்கெட். வார்ன் செய்தி வந்ததும் மார்ஷ் பின்னுக்குப் போய்விட்டார். அதையாவது புரிந்துகொள்ளலாம், வார்ன் சின்ன வயது, யாரும் எதிர்பார்க்காத சாவு.

ஆனால் காட்டியது என்ன? அந்த லெக் ஸ்பின்னை, 1993-ல் இங்கிலாந்து பேட்ஸ்மேன் மைக் கேட்டிங்கை ஏமாற்றிய பந்தை எத்தனை முறை போட்டாலும் நான் உட்கார்ந்து பார்ப்பேன். அறையில் ரத்தக் கறை எங்கே இருந்தது, மசாஜ் செய்ய வந்த பெண்கள் எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று சிசிடிவி காட்சியெல்லாம் போட்டார்களே, அதை எந்த ரசிகன் கேட்டான்? சந்தேகப்பட ஒன்றுமில்லை, இயற்கை மரணம் என்று தாய்லாந்து போலீஸ் சொல்லியும், எந்தத் தப்பும் செய்யாத அந்தப் பெண்கள் உலகம் முழுக்கத் திரையில் வந்துவிட்டார்கள். வார்னுடைய மூன்று பிள்ளைகளும் அதைப் பார்க்க நேர்ந்திருக்கும்.

கேள்வி: என் மகன், யாராவது வீரர் இறந்ததாக வாட்ஸ்அப்பில் வந்தால் அடுத்த நிமிஷமே பத்து குரூப்புக்கு அனுப்புகிறான். என்ன சொல்லித் திருத்துவது? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: ஹீத் ஸ்ட்ரீக் கதையைச் சொல்லுங்கள். ஜிம்பாப்வேயின் முன்னாள் கிரிக்கெட் கேப்டன், புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். 2023 ஆகஸ்ட் 23 அன்று அவர் இறந்துவிட்டதாகச் செய்தி பரவியது. அவரோடு ஆடிய ஹென்றி ஒலாங்காவே நம்பி இரங்கல் போட்டுவிட்டார், பெரிய பெரிய செய்தி நிறுவனங்களும் போட்டன. நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று நோயில் கிடக்கும் மனிதரே சொல்ல வேண்டியதாயிற்று. செப்டம்பர் 3 அன்றுதான் அவர் உண்மையில் இறந்தார், வயது 49. குடும்பமோ அந்த நாட்டு விளையாட்டு வாரியமோ சொல்லும்வரை கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே தவறாக அனுப்பியிருந்தால் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போகக் கூடாது, அனுப்பிய அத்தனை குரூப்பிலும் 'அது பொய்ச் செய்தி' என்று அவனே எழுத வேண்டும்.