ஒரு கலைஞர் தம் படைப்பு முறையையும் உந்துதலையும் எவ்வாறு அறிமுகப்படுத்த வேண்டும்?

‘மரபே என் உந்துதல்’ என்னும் பொதுவரியைவிட, செய்முறையிலிருந்து தொடங்குவதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. சுவாமிமலைச் சிற்பி ஒருவர், சிலையின் உயரத்துக்கு நறுக்கிய தென்னை ஓலையை மடித்துத் தாள அளவுகளை, அதாவது உருவத்தின் உறுப்புகளுக்குரிய விகிதங்களை, குறிக்கும் ஒடியோலையையும், தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையில் உருவத்தை வனைந்து, அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பதையும் விவரித்தாலே, அவருடைய கலை வாசகர் கண்முன் நிற்கும். வார்த்தபின் அச்சை உடைத்தே சிலையை எடுப்பதால் ஒவ்வொன்றும் தனிப்படைப்பு என்பதையும் அவர் தவறாமல் சொல்ல வேண்டும்.

உந்துதலையும் ‘சோழர் கலை’ என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தாமல், தஞ்சைக் கலைக்கூடத்திலுள்ள திருவெண்காட்டு ரிஷபவாகனரை (காளையை ஊர்தியாகக் கொண்ட சிவனின் செப்புத் திருமேனி), காளையின் உருவம் இன்று உடன் இல்லாதபோதும் அதன்மேல் கையூன்றி நிற்பதுபோல் தோன்றும் அந்த அழகை, பெயர் சுட்டி எழுதலாம். தம் சிலைகளில் அதன் எந்தக் கூறு வந்துள்ளது என்பதையும் உடன் சேர்க்கலாம்.